உங்க அப்பா சொன்ன பொய்

உக்காருங்க தாயி. அந்த டயர் மேல வேண்டாம், துணியில மை ஒட்டிக்கிடும். இந்த பெஞ்சுல உக்காருங்க, எனக்கு இடப்பக்கமா. நான் இஸ்ரவேல்தான். குடிகாரங்களைத் திருத்துத ஈசோப்பு ஜெப இல்லத்துல கண்காணியா இருந்த அதே இஸ்ரவேல். கொத்தனார் அப்பாத்துரைதானே இந்த பஞ்சர் கடைக்கு வழி சொல்லி அனுப்பினான்? நெனச்சேன். நீங்க யாருன்னும் சொல்ல வேண்டாம். ஞானாபரணம் அண்ணாச்சி மக பியூலா. அந்த நெத்தியைப் பாத்தா தெரியாதா?

உங்க அப்பா எப்படி விழுந்தாருன்னு கேக்க வந்திருக்கிய. சொல்லுதேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிருதேன், தப்பா எடுத்துக்கிடாதிய. உங்க அப்பா எனக்கு ஒரு அநியாயம் பண்ணிட்டுப் போயிட்டாரு. செத்தவரைப் பத்தி மககிட்ட இப்படிப் பேசக் கூடாதுதான். ஆனா ரெண்டு வருஷமா இதைச் சொல்ல எனக்கு ஆளு இல்ல. நீங்களா தேடி வந்திருக்கிய. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் என்னை வைங்க.

நான் உப்பு லோடு அடிச்சவன். தூத்துக்குடியில ஏத்தி ஓசூர்ல இறக்குவேன். போகும்போது குடி, வரும்போது குடி. வீட்டுக்கு வந்தா பொண்டாட்டி பொன்மணிக்கு அடி. அது அப்படியே பத்துப் பன்னெண்டு வருஷம் ஓடிச்சு. ஒருநாள் பொன்மணியோட அண்ணன்மாரு ரெண்டு பேரும் வந்து என் கையையும் காலையும் கட்டி, ஒரு வேன்ல தூக்கிப் போட்டு, தேரிக்காட்டுக்குள்ள கொண்டு போயி இறக்கிட்டானுவ. சுத்திச் செம்மணலு. பத்தடி மதிலு, மதிலு மேல கண்ணாடிச் சில்லு. உள்ள நீளமா ஒரு ஓட்டுக் கட்டடம், நாங்க படுக்கதுக்கு. பக்கத்துல ஜெப ஹால். ஹால் செவுத்துல நீலப் பெயிண்ட்ல கொட்ட எழுத்துல எழுதியிருக்கும், எல்லாச் சட்டத்துக்கும் அஸ்திவாரம் அன்புன்னு. அதுக்குக் கீழ நம்பர் போட்டு ஒன்பது சட்டம்.

சாலமோன் பிரதரை அன்னைக்குத்தான் முதல்ல பாக்கேன். அந்த இல்லத்தை நடத்தினவரு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மெல்லிசான குரலு. அவரும் ஒரு காலத்துல குடிச்சவருதான். என் பக்கத்துல குத்தவச்சு உக்காந்து, தம்பி, ஆண்டவரு உன்னை நேசிக்காரு, நானும் நேசிக்கேன்னாரு. நான் அவரு மூஞ்சியில துப்பினேன். தொடச்சுக்கிட்டு உள்ள போனாரு. பெல்ட்டோட வந்தாரு. லாரி ஃபேன் பெல்ட் தாயி, நீளவாக்குல அறுத்து, பிடிக்குத் துணி சுத்தி வச்சிருப்பாரு. எத்தனை வருஷம் அந்த பெல்ட்டை நான் இன்ஜின்ல மாட்டியிருப்பேன், அது மனுஷத் தோலுல எப்படிப் பேசும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. முதுகு, தொடை, உள்ளங்காலு. காலைச் சங்கிலியில பூட்டியிருந்தாவ, அதுல கெடந்தபடியே மூத்திரம் போயிட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அடிக்கும்போது அவரு அழுதாரு. சும்மா கண்ணு கலங்கலு இல்ல, மூக்கு ஒழுக ஒழுக அழுதாரு. அடிச்சு முடிச்சிட்டு, தேங்கா எண்ணெயை வெதுவெதுன்னு காய்ச்சிக் கொண்டாந்து அதே கையால முதுகுல தேச்சுவிட்டாரு. கஞ்சியை ஊட்டிவிட்டாரு. எங்க அப்பா என்னை எத்தனையோ தடவ அடிச்சிருக்காரு, ஒரு தடவ கண்ணீரு விட்டதில்ல. அடிச்சுக்கிட்டே அழுத ஒரு ஆளை நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. இதுதான் அன்புன்னு எனக்கு அன்னைக்குப் பிடிபட்டுது.

நாப்பத்திரெண்டு நாள்ல குடி விட்டுப் போச்சு. இன்னைக்கு வரைக்கும் தொடல. அதுக்கு நீங்க என்ன பதில் சொல்லுவிய?

அப்புறம் நான் வீட்டுக்குப் போகல. பிரதர் என்னைக் கண்காணி ஆக்கினாரு. பெல்ட் என் கைக்கு வந்தது. முதல்ல எனக்கு அழ வராது. பிரதர்தான் சொல்லிக் குடுத்தாரு, அடிக்கதுக்கு முன்னாடி அவன் பொண்டாட்டி பிள்ளைய ஒரு நிமிஷம் நெனச்சுக்கோ, தன்னால வரும்னு. வந்தது. என் கையால திருந்திப் போனவன் எத்தனையோ பேரு இருக்கான் பாத்துக்கிடுங்க. பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவ வீட்டுக்குப் போவேன். அடுப்படிச் செவுத்துல அதே வரியை எழுதி வச்சேன். கீழ பொன்மணிக்குச் சட்டம் ஒன்பதெல்லாம் இல்ல, நாலே நாலுதான். குடிச்சிட்டு அடிச்சதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குக் கடைசி வரைக்கும் புரியல. இப்ப அவ அம்மை வீட்டுல இருக்கா. வந்துருவா.

சரி, உங்க அப்பா கதைக்கு வாரேன்.

ஆனி மாசம், தேரிக்காத்துல மணலு ஆளைத் தூக்கிக்கிட்டு இருந்த நேரம். ஆட்டோவுல கொண்டு வந்திய. ஃபாரத்துல நீங்கதான் கையெழுத்துப் போட்டிய. அடிப்பீங்களான்னு பிரதர்கிட்ட கேட்டிய. அன்பாத்தான் நடத்துவோம்னு அவரு சொன்னாரு. அழாதிய தாயி. குத்திக் காட்டதுக்குச் சொல்லல. கோர்ட்டுல டைப்பிஸ்ட்டா இருந்து ரிட்டயரான மனுஷன், சர்வீஸ்ல ஒரு கெட்ட பேரு எடுக்காத மனுஷன், உங்க அம்மா போன பிறகு பஸ் ஸ்டாண்டுல விழுந்து கெடந்தா மக என்னதான் செய்வா? நீங்களும் நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சிய.

முதல் பத்து நாளு ரொம்பக் கஷ்டப்பட்டாரு. உடம்பெல்லாம் நடுக்கம். மல்லாக்கப் படுத்துக்கிட்டு நெஞ்சு மேல பத்து விரலையும் வச்சு டைப் அடிப்பாரு. என்ன அண்ணாச்சி அடிக்கியன்னு கேட்டா, தீர்ப்புன்னுவாரு. யாருக்குன்னா, தெரியல, பேரு போடுத இடம் காலியா இருக்குன்னுவாரு. நடுக்கம் நின்னதும் ஆளு தெளிஞ்சிட்டாரு. எந்திரின்னா எந்திரிப்பாரு, முட்டுப்போடுன்னா போடுவாரு. சட்டத்துக்கு அடங்கிப் பழகின உடம்பு. ஒண்ணரை மாசம் அவரு மேல ஒரு அடி விழல. விழுக மாதிரி அவரு நடந்துக்கிடல.

ஆடி கடைசியில, எங்ககூட உள்ள இருந்த இந்த அப்பாத்துரை ஓடினான். தண்ணி லாரி உள்ள வரதுக்குக் கேட்டைத் திறந்தப்ப, அது பின்னாலேயே நழுவிட்டான். மகளுக்குக் காய்ச்சலுன்னு யாரோ சொல்லியிருக்கான் போல. மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்துல வச்சு நான்தான் பிடிச்சேன். பைக்குல முன்னால உக்கார வச்சுக் கொண்டு வந்தேன். வழியெல்லாம், விட்டுரு அண்ணே, பாத்துட்டுத் திரும்பி வந்துருதேன்னு கெஞ்சிக்கிட்டே வந்தான். விட்டா வருவானா?

ஏழாம் நம்பர் சட்டம் என்னன்னா, ஓடுதவனுக்கு உள்ள இருக்க எல்லாரும் ஆளுக்கு ஒரு அடி குடுக்கணும். பிரதர் அதுக்கு விளக்கம் சொல்லுவாரு. வழி தவறினவனைத் திருப்பிக் கொண்டு வரது ஒருத்தன் வேலை இல்ல, அவனை நேசிக்க எல்லாரோட வேலையும்னு. கேக்க நல்லா இருக்கும். நாங்க முப்பத்தோரு பேரு. அப்பாத்துரையை வேப்பமரத்தைக் கட்டிப் பிடிக்க வச்சு, கையைச் சேத்துக் கட்டினோம். வரிசையா நின்னோம். அடிச்சவன் அடுத்தவன் கையில பெல்ட்டைக் குடுத்துட்டுப் போகணும். மெதுவா அடிச்சா அடிச்சவனுக்கே ஒரு அடி விழும், அதனால எவனும் மெதுவா அடிக்க மாட்டான். பத்து அடியிலயே அப்பாத்துரைக்குக் குரலு போச்சு. அப்புறம் காத்துதான் வந்தது வாயில இருந்து.

பதினெட்டு முடிஞ்சது. பத்தொம்பதாவது ஆளு உங்க அப்பா.

பெல்ட்டை வாங்கினாரு. மரத்துக்கிட்ட போனாரு. அப்பாத்துரை முதுகையே பாத்துக்கிட்டு நின்னாரு. நேரம் போகுது. வரிசையில நிக்கவன் எல்லாம் எட்டிப் பாக்கான். அப்புறம் அந்த பெல்ட்டை ஒழுங்கா மடிச்சு, கோர்ட்டுல ஃபைலை வைக்க மாதிரி, கீழ வச்சிட்டாரு.

பிரதர் கிட்ட வந்தாரு. கோவப்படல. அவன் நல்லதுக்குத்தான் அண்ணாச்சி, அடிங்கன்னாரு.

"என்னால முடியாது பிரதர்."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

உங்க அப்பா ஜெப ஹால் பக்கமா கையைக் காட்டினாரு. "முப்பத்திநாலு வருஷம் சட்டத்தை டைப் அடிச்சவன் நான். மேல பெரிய சட்டம் ஒண்ணு இருந்தா, கீழ இருக்க சின்னச் சட்டம் அதோட மோதக் கூடாது. மோதினா சின்னதுதான் செல்லாது. நீங்க மேல அன்புன்னு எழுதிப் போட்டிருக்கிய. அப்ப ஏழாம் நம்பர் செல்லாது."

வரிசையில எவனோ ஒருத்தன் சிரிச்சிட்டான். அதுதான் வினை. அந்த மதிலுக்குள்ள பிரதர் முன்னாடி யாரும் சிரிச்சதில்ல. அவரு முகம் மாறிட்டு. அப்படின்னா மிச்சம் இருக்க பதிமூணையும் நீங்க வாங்கிக்கிடுங்க, அதுவும் அன்புதானேன்னாரு. மிரட்டத்தான் சொன்னாரு, எனக்குத் தெரியும். உங்க அப்பா யோசிச்சாரு. விளையாட்டுக்கு இல்ல தாயி, நெசமாவே நின்னு யோசிச்சாரு.

"அது செல்லும்" அப்படின்னு சொல்லிட்டு, சட்டைப் பொத்தானைக் கழட்ட ஆரம்பிச்சாரு.

அடிச்சது நான். வேற யாரு? கண்காணி நான்தானே. கேக்க முடியலன்னா எந்திரிச்சுக்கிடுங்க, நான் நிறுத்திக்கிடுதேன். இல்லையா? சரி.

ஒல்லி உடம்பு. முதல் அடியிலயே முட்டு மடங்கிட்டு. தானா எந்திரிச்சு மரத்தைப் பிடிச்சுக்கிட்டாரு, கட்ட வேண்டாம்னுட்டாரு. ஆறாவதுல தோலு கிழிஞ்சது. ஒன்பதாவதுல உங்க பேரைச் சொன்னாரு. பியூலான்னு ஒரு தடவ, அவ்வளவுதான். நான் அழணும்னு பாத்தேன். உங்களை நெனச்சேன், ஆட்டோவுல ஏறிப் போனப்ப நீங்க திரும்பித் திரும்பிப் பாத்ததை நெனச்சேன். வரல. பதிமூணும் முடிஞ்சது, ஒரு சொட்டு வரல.

எண்ணெய் காய்ச்சிக்கிட்டு அவரு படுக்கைக்குப் போனேன். குப்புறக் கெடந்தாரு. முதுகுல கை வைக்கப் போகும்போது பேசினாரு. சத்தமெல்லாம் இல்ல, இப்ப நானும் நீங்களும் பேசுத மாதிரிதான்.

"அடிச்ச கையால தேய்க்காதே இஸ்ரவேலு. ரெண்டுல ஒண்ணை மட்டும் செய்யி."

எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். எண்ணெயைக் கொண்டு போயி மண்ணுல கொட்டினேன். நான் என்ன கெட்டவனா? எண்ணெய் காய்ச்சிக் கொண்டு வந்தவன் கெட்டவனா? அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடிச்சுக்கிட்டு. அதுக்குப் பிறகு எவனை அடிச்சாலும், அப்புறமா கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு அவன்கிட்ட போகும்போது பாதியிலயே நின்னுருவேன். உங்க அப்பா ஒண்ணும் செய்ய மாட்டாரு, தன் பாட்டுக்கு அப்பாத்துரைக்குப் புண்ணைத் துடைச்சுக்கிட்டு இருப்பாரு. ஆனா அந்த மூலையில அவரு இருக்காருன்னு எனக்குத் தெரியும்.

மெல்ல மெல்ல இல்லமே கெட்டுப் போச்சு. யாரும் ஓங்கி அடிக்க மாட்டேங்கான். பிரதர் கத்துதாரு, ஜெபத்துலயே கெட்ட வார்த்தை வருது. கடைசியில என்னைப் பிடிச்சாரு. நீயும் கையைத் தளத்திட்டியான்னு எல்லாரையும் முற்றத்துல நிக்க வச்சுக் கேட்டாரு. இல்லன்னு சத்தியம் பண்ணினேன். சங்கிலிப் பூட்டு கையில இருந்தது அவருக்கு. அதாலேயே வலது காதோட சேத்து ஒண்ணு விட்டாரு. ரத்தம் தோளுல ஒழுகுது. இன்னைக்கும் இந்தக் காது செத்த காதுதான். விழுந்த எடத்துல இருந்து அவரு கண்ணைப் பாத்தேன். காஞ்சு கெடந்தது. நாலு வருஷம் அந்தக் கண்ணீரை நம்பித்தான் நான் அங்க இருந்தேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்ச கையோடதான் அது நடந்தது. காலையில பத்தரை இருக்கும். ஜெபத்துல தூங்கினான்னு அப்பாத்துரையைப் பெல்ட்டால ஒரு இழு இழுத்தாரு பிரதர். அப்பாத்துரை பெல்ட்டோட மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டான். பிடிச்சவன் விடல. பிரதர் இழுக்காரு, அவன் விட மாட்டேங்கான். நான் எந்திரிச்சுப் போயி வெளிக்கேட்டை உள்பக்கமாப் பூட்டிட்டு வந்தேன். யாரும் என்னைச் சொல்லல. நானாத்தான் பூட்டினேன்.

பின்ன பெஞ்சு பறந்தது. ரெண்டு பேரு பிரதர் காலைப் பிடிச்சு வாசல்படி வழியா தரதரன்னு இழுத்துக்கிட்டு வெளிய வந்தானுவ, மண்டை ஒவ்வொரு படியிலயும் இடிக்கு. தண்ணி டேங்க் படிக்குக் கீழ கொண்டு போயிப் போட்டானுவ. சங்கிலி, செருப்பு, கல்லு, கையில கெடச்சது எல்லாம். முப்பது பேரு. ஒருத்தன் அவரு முழங்கை மேல ஏறி நின்னு குதிச்சான், எலும்பு போன சத்தம் கேட்டுது. அந்த வெள்ளை வேட்டியில வெள்ளைன்னு ஒரு எடம் இல்ல. அப்பத்தான் அவரு அழுதாரு. டேங்க் பக்கத்துல முக்கா இன்ச் இரும்பு பைப்பு ஒண்ணு கெடந்தது. எடுத்தேன். எனக்கு வழி விட்டானுவ. முதல் அடி தொடையில போட்டேன். ரெண்டாவது விலாவுல. மூணாவது தலைக்குன்னு நெனச்சுத்தான் ஓங்கினேன். மறைக்க என்ன இருக்கு.

உங்க அப்பா எப்படி உள்ள வந்தாருன்னு தெரியல. புண்ணு ஆறாம படுத்துக் கெடந்த ஆளு. காலுக்கு ஊடால புகுந்து வந்தாரு போல. பிரதர் மேல அப்படியே குப்புறக் கவுந்து படுத்துட்டாரு, பாயை விரிச்ச மாதிரி. மேல சட்டை இல்ல. நான் போட்ட பதிமூணு வரியும் முதுகுல தெரியுது. போதும்டே, விடுங்கன்னாரு.

எல்லாரும் நிறுத்திட்டானுவ. அப்பாத்துரை கையில வச்சிருந்த கல்லைக் கீழ போட்டுட்டு அழுதான். நான் பைப்பை ஓங்கிட்டேன் தாயி. ஓங்கினது நிக்குமா? இறங்கிட்டு. கைத்தவறுதலு. அவரு தலையில பட்டுட்டு. அவ்வளவுதான் நடந்தது. டேங்க் படியில அவரு விழவும் இல்ல, ஏறவும் இல்ல.

அப்புறம் நடந்ததுதான் அநியாயம்னு சொன்னேன்.

ஒன்பது நாளு ஆஸ்பத்திரியில இருந்தாரு. நான் வராந்தாவுல தூணோரம் நின்னேன். நீங்க ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு என்னைத் தாண்டித்தான் போவிய, வருவிய. மூணாவது நாளு நினைவு வந்தது. மாஜிஸ்ட்ரேட் வந்தாரு வாக்குமூலம் வாங்க. சரி, பேரைச் சொல்லிருவாரு, போலீசு இங்கயே நிக்கு, கையை நீட்டிருவோம்னு நான் தயாராத்தான் நின்னேன். அவரு என்ன சொன்னாரு? டேங்க் படியில ஏறும்போது கால் வழுக்கித் தவறி விழுந்தேன், என்னை யாரும் அடிக்கவில்லை, முழு சுயநினைவோடு சொல்கிறேன். அடுத்தவன் வாக்குமூலத்தை ஒரு எழுத்துப் பிசகாம அடிச்ச மனுஷன், தன் வாக்குமூலத்துல பொய்யைச் சொல்லிட்டுக் கண்ணை மூடிட்டாரு. பிரதரும் வாயைத் திறக்கல, திறந்தா இல்லத்துல நடந்தது எல்லாம் வெளிய வரும்லா. அடக்கத்துக்கு வந்திருந்தாரே, கையில கட்டோட கடைசியில நின்னு அழுதாரே, அவருதான் அது.

நான் அவருகிட்ட மன்னிப்புக் கேட்டனா? என்னை விட்டுரும்னு கெஞ்சினனா? பெத்த மக நீங்க, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? அவரு பாட்டுக்கு ஒரு பொய்யைச் சொல்லி என்னை இப்படி வெளிய நிறுத்திட்டுப் போயிட்டாரு. ஸ்டேஷனுக்கு மூணு தடவ போனேன். செத்தவரே விழுந்தேன்னு சொல்லியாச்சு, நீ யாருய்யான்னு விரட்டி விட்டாவ. உள்ள போட்டிருந்தா என்னைக்காவது ஒருநாள் வெளிய விடுவானுவ. இது எப்ப முடியும்?

என்ன அது, ரிப்போர்ட்டா? பிரேதப் பரிசோதனை. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, நீங்களே சொல்லுங்க.

தலையில ரெண்டு காயமா?

போலீசு ரெண்டு படியில இடிச்சிருக்கும்னு எழுதிட்டாவளா. ம்.

ஒண்ணு கைத்தவறுதலுன்னா இன்னொண்ணு எப்படின்னு கேக்கிய.

இதை அப்பாத்துரைகிட்டக் கூட நான் சொன்னதில்ல தாயி. அவன் அழுதுக்கிட்டு இருந்தான், பாக்கல. பாத்தவன் இருந்தாலும் சொல்ல மாட்டான். முதல் அடி விழுந்ததும் அவரு தலையைத் திருப்பினாரு. ரத்தம் ஒரு கண்ணை மூடிட்டு, மறு கண்ணால என்னைப் பாத்தாரு. "இஸ்ரவேலா" அப்படின்னாரு. கோவமா இல்ல. வலியில கத்தினதும் இல்ல. வீட்டுக்கு வந்த ஆளை யாருன்னு பாத்துட்டு, நீதானான்னு கேக்கோம்லா, அப்படி. எனக்காக எதையோ வச்சுக்கிட்டு ரொம்ப நேரமா உக்காந்திருந்த மாதிரி. அந்த முகத்தை என்னால பாக்க முடியல. அது அங்க இருக்கக் கூடாதுன்னு இருந்தது எனக்கு. பைப்பைத் திரும்பவும் ஓங்கினேன். கை தவறல. நல்லாத் தெரிஞ்சுதான் போட்டேன்.

அழுதுக்கிடுங்க. நான் தண்ணி கொண்டு வாரேன்.

என்ன சொல்லுதிய? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க, லாரிச் சத்தத்துல விழல. எந்திரிங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்னா? நீங்களும் வாரியளா? அந்த ரிப்போர்ட்டையும் கொண்டு வந்து, அப்பா சொன்னது பொய்யின்னு மகளே எழுதிக் குடுப்பியளா?

அவரு பொய் சொன்னது என் மேல வச்ச அன்புல, நீங்க என்னை உண்மையைச் சொல்லச் சொல்லுததும் அதே அன்புலதான்னு சொல்லுதிய. அதெல்லாம் எனக்கு விளங்கல தாயி. அன்புன்னு எவரு சொன்னாலும் இப்பல்லாம் எனக்கு முதுகுதான் கூசுது. திரும்பச் சொல்லுங்க. ஜெயிலுக்குப் போனா, மாசா மாசம் மனுப் போட்டு என்னை வந்து பாப்பியளா? நீங்களா? நான் யாருன்னு இப்பத்தானே சொன்னேன்.

இன்னைக்கு முடியாது. முதலாளி திருச்செந்தூர் போயிருக்காரு, ஆறு மணிக்குத்தான் வருவாரு. கடையைப் போட்டுட்டு வர முடியுமா? அந்தா பாருங்க, லாரிக்காரன் பின் டயரைக் கழட்டிப் போட்டுட்டு நிக்கான். நாளைக்கும் ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை யாராவது வக்கீலைப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு வாரேன். பொன்மணிகிட்டயும் சொல்லணும்லா. ரெண்டு வருஷம் போயிட்டு, ரெண்டு நாள்ல என்ன ஆயிரப் போகுது. நான் வர மாட்டேன்னு சொல்லல. அப்படி நெனச்சுக்கிடாதிய. மூணு தடவ போனவன்தானே. அப்ப, விரட்டிருவாவன்னு உள்ளுக்குள்ள தெரியும், அதனால தைரியமாப் போனேன்.

என்ன தாயி, பையை மடியில வச்சுக்கிட்டுத் திரும்ப உக்காந்துட்டிய? ஆறு மணி வரைக்கும் இங்கயேவா? சொன்னாக் கேளுங்க. ரோட்டோரக் கடை இது, டிரைவருமாரு வருவானுவ, போவானுவ, ஒரு மாதிரிப் பாப்பானுவ. உங்க வீட்டுல தேட மாட்டாவளா?

நான் அந்த டயரை முடிச்சிட்டு வாரேன். அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நீங்க எந்திரிச்சுப் போயிட்டா நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

இருக்கியளா?

சரி. வெயிலு இந்தப் பக்கம்தான் திரும்பும். கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க.